நடுத்தெருவில் நின்ற வீடு

மே மாதம் வந்தால் டன்மோர் தீவில் ஊர்க்காரர்கள் வெளியே போவார்கள், கோடையில் மட்டும் தங்க வரும் கோடைக்காரர்கள் உள்ளே வருவார்கள். குளிர்காலம் முழுக்க ஏதோ ஒரு வாடகைக்குக் கிடைக்கிற வீடு, கோடை பிறந்ததும் நம் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஹார்லனும் லோர்னாவும் ஒவ்வொரு மே மாதமும் பெட்டி கட்டுவார்கள். படகுப் பட்டறைக்குப் பின்னால் நிற்கும், சக்கரம் வைத்த பழைய வண்டி வீட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டு, செப்டம்பரில் மறுபடியும் பெட்டி கட்டித் திரும்புவார்கள். ஹார்லன் பிறந்த வீட்டைக் கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து விற்ற நாளிலிருந்து இதுதான் அவர்கள் வாழ்க்கை.

இந்த மே மாதம் மட்டும் பெட்டிகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

கோடைக்காரி திருமதி ஆல்டன் தன் தோட்டத்து விருந்தினர் வீட்டை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டப் போகிறார். எதையும் இடிப்பதற்கு முன்னால், 'யாருக்காவது வேண்டுமா, எடுத்துக்கொண்டு போகலாம்' என்று ஊரைக் கேட்டாக வேண்டும். அது தீவின் விதி. ஊர்க் கூட்டத்தில் அவர் கேட்டபோது லோர்னா கையைத் தூக்கினாள். நிலம் எங்கே என்று யாரோ கேட்டார்கள். தூக்கிய கையை அவள் இறக்கவில்லை. கடைசியில் நில அறக்கட்டளையின் மார்ஜரி, பழைய பள்ளிக்கூடத்துப் பந்து மைதானத்தில் ஒரு மனை தருவதாகச் சொன்னாள். வருடம் முழுக்கத் தீவிலேயே இருப்பவர்களுக்கு மட்டும்; உயிருள்ளவரை இருக்கலாம், லாபத்துக்கு விற்கக்கூடாது.

இப்படியாக வீடு ஒரு முனையில் கிடைத்தது, மனை மறு முனையில். நடுவே தீவின் ஒரே தெரு. அந்தத் தெருவில் வீடு கிளம்புகிற நாள் வந்துவிட்டது.

முதல் படகிலேயே ரோவினாவும் வந்துவிட்டாள்.

"காபி இருக்காம்மா?" என்று கேட்டுக்கொண்டே அட்டைப் பெட்டிகளைத் தாண்டி உள்ளே வந்தாள். பாங்கர் நகரத்தில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிற மகள். படகிலிருந்து இறங்கும்போதே வாதத்தைத் தயாராக வைத்திருப்பாள்.

"பாத்திரம் எல்லாம் பெட்டிக்குள்ள போயாச்சு. ஃபிளாஸ்க்ல இருக்கு, அதோட மூடியிலயே குடி," என்றாள் லோர்னா.

"அம்மா, நான் நேரா விஷயத்துக்கு வர்றேன். அந்த முதியோர் குடியிருப்புல உங்க ரூமை இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் பிடிச்சு வெச்சிருப்பாங்க. லிஃப்ட் இருக்கு. வாசல்லயே பஸ் நிக்கும். அப்பா முட்டிக்கு ஒரு படிகூட ஏற வேண்டாம்."

ஜன்னலோரம் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த ஹார்லன் நிமிரவில்லை. "கடல் இருக்கா?"

"நதி இருக்குப்பா. பெரிய நதி."

"நதி ஒரு பக்கமாத்தான் போகும். போனது திரும்பி வராது. அதைப் பார்த்துட்டு நான் என்ன பண்ண?"

"போன வருஷம் வண்டி வீட்டுப் படியில விழுந்தீங்களே, அப்ப கடலா வந்து தூக்கிச்சு?"

"உங்கம்மா தூக்கினா."

"நான் தூக்கல. திட்டினேன். நீயாத்தான் எழுந்த," என்றாள் லோர்னா.

ரோவினாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விடவில்லை. மின்கம்பிகளைத் தூக்கிப் பிடிக்க அக்கரையிலிருந்து வந்திருக்கும் ஆட்கள் கடைசிப் படகில் திரும்பிவிடுவார்கள். அடுத்த வாரத்திலிருந்து கோடை. தெருவில் இந்த மாதிரி பாரத்தை இழுக்க இலையுதிர் காலம் வரை அனுமதி கிடையாது. அதற்குள் ஆல்டன் தோட்டத்தில் புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியாக வேண்டும். இதெல்லாம் அவளுக்கும் தெரியும்.

"சரி, ஒரு ஒப்பந்தத்துக்கு வருவோம்," என்றாள். "இன்னைக்குக் கடைசிப் படகுக்குள்ள வீடு மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டா நான் வாயே திறக்க மாட்டேன். சேரலன்னா, பாங்கருக்குச் சரின்னு சொல்லிடுவேன். நீங்க ரெண்டு பேரும் கிளம்பி வரணும். சம்மதமா?"

ஹார்லன் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் 'நீயே சொல்லு' என்று இருந்தது.

"சம்மதம்," என்றாள் லோர்னா. ஃபிளாஸ்க்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

*

ஒரு வீடு தெருவில் நடந்து வருவதைப் பார்த்தவர்கள் குறைவு. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வீடு நகர்த்துகிற ராய்ஸின் லாரி முன்னால் உறும, இரும்பு உத்தரங்களின் மேல், வரிசையான சக்கரங்களில், சாம்பல் நிற ஓடு வேய்ந்த அந்தச் சின்ன வீடு ஆல்டன் தோட்டத்து வாசலைத் தாண்டி வெளியே வந்தது. திரைச்சீலைகளை யாரும் கழற்றவில்லை. ஒவ்வொரு குலுங்கலுக்கும் அவை உள்ளேயே ஆடின. உள்ளே யாரோ தூங்கி எழுந்து வெளியே எட்டிப் பார்க்கப் போவதுபோல் இருந்தது.

பள்ளிக்கூடம் பிள்ளைகளை வெளியே விட்டது. தபால் நிலையம் கதவைச் சாத்தியது. படகுப் பட்டறை ஆட்கள் கையில் டோனட்டோடு கூடவே நடந்தார்கள். மின்கம்பி ஆட்கள் நீளக் கழிகளால் கம்பிகளைத் தூக்கிப் பிடிக்க, வீடு தலையைக் குனிந்து போவதுபோல அடியில் நுழைந்தது.

லோர்னா வீட்டுக்குப் பின்னால் நடந்தாள். இந்த வீடு அவளுக்குப் புதிதல்ல. எத்தனையோ கோடைகளில், சனிக்கிழமை தோறும், ஒரு விருந்தாளி போய் அடுத்த விருந்தாளி வருவதற்குள் இதன் படுக்கை விரிப்புகளை மாற்றியவள் அவள்தான். எந்தப் பலகை முனகும், எந்தக் குழாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் எல்லாம் தெரியும். சமையலறை ஜன்னல் சட்டென்று திறக்காது. கீழ் மூலையில் மரக்கரண்டியால் நெம்பி, அப்புறம் தூக்க வேண்டும். அடுத்தவர் வீடு என்று எவ்வளவோ கவனமாகத் துடைத்த தரை. துடைக்கும்போது ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. ஆசைப்படாமல் துடைத்ததற்குத்தான் கொடுத்தார்களோ என்று இப்போது தோன்றியது. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. பக்கத்தில் மகள் நடந்ததால் மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

"தூசி," என்றாள்.

"மழை பெஞ்சு நனைஞ்ச தெருவுலயா?" என்றாள் ரோவினா.

வெள்ளைக் காலணியோடு திருமதி ஆல்டனும் நடந்தார். "லோர்னா, இது இடிபடாம போகுதே, அதுக்கே உங்களுக்கு நன்றி. ரொம்ப நன்றி," என்று சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் தீவில் நன்றி என்ற சொல்லை யாரும் அப்படி வாரி இறைப்பதில்லை. யாராவது உதவினால் அவர்கள் வண்டியின் இருக்கையில் பழம் வைத்துச் சுட்ட ஒரு அப்பத்தை வைத்துவிட்டு வருவோம், அவ்வளவுதான். லோர்னா தலையை மட்டும் ஆட்டினாள்.

வீடு தபால் நிலையத்தைத் தாண்டியது. தேவாலயத்து மேப்பிள் மரத்தையும் ஒரு இலைகூட உரசாமல் தாண்டியது. ஹார்லன் மார்ச் மாதம் முழுக்க நாடாவோடு அலைந்து ஒவ்வொரு கம்பத்தையும் மரத்தையும் அளந்து வைத்திருந்தார். ராய்ஸ் லாரி ஜன்னலிலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

துறைமுக வளைவில் லாரி நின்றது.

ராய்ஸ் இறங்கினார். பின் சக்கரத்தைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"கேப்டன், இந்த இடத்தை அளந்தது யாரு?"

"நான்தான்," என்றார் ஒரு காலத்தில் படகு ஓட்டிய ஹார்லன்.

"நாடா வெச்சா?"

ஹார்லன் முட்டியைத் தடவினார்.

"கேக்குறேன்ல. நாடா வெச்சா?"

"வண்டியில உக்காந்தபடியே பார்த்தேன். கண் அளவு."

"எல்லா இடத்துலயும் இறங்கி அளந்தீங்களேப்பா," என்றாள் ரோவினா. "இங்க மட்டும் ஏன்..."

பாதியில் நிறுத்திவிட்டாள். வளைவின் உட்புறம் இருந்த முற்றத்தை அப்போதுதான் பார்த்தாள். முற்றம் நிறைய, தெருவோரம் வரை, ஆள் உயரத்துக்கு அடுக்கிய சிங்கி இறால் கூண்டுகள். ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஆரஞ்சு நிற மிதவைகள். வெண்டலின் வீடு.

கூட்டத்தில் எல்லோருக்கும் ஏன் என்று தெரியும்.

எங்கள் கடலில் எல்லைக்கு வேலி கிடையாது. ஆனாலும் யார் பக்கம் எது என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்தவன் பக்கத்தில் நீ கூண்டை இறக்கினால், அவன் முதலில், கூண்டு இருக்கும் இடத்தைக் காட்டும் உன் மிதவையின் காம்பில் கயிற்றால் ஒரு அரை முடிச்சுப் போட்டுவிட்டுப் போவான். அது எச்சரிக்கை. அதற்கும் நகராவிட்டால் கயிற்றை வெட்டுவான், கூண்டெல்லாம் கடலடியில். நெடுங்காலத்துக்கு முன்னால் ஹார்லனின் பச்சை மிதவையில் அரை முடிச்சு விழுந்தது. ஹார்லன் நகரவில்லை. ஒரு காலையில் போனபோது மிதவையே இல்லை. வெட்டியது வெண்டல் என்று யாரும் பார்க்கவில்லை. வெண்டல் இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இருவரும் ஒரே படகுத்துறையில், ஒரே கடையில், ஒரே தேவாலயத்தில் நின்று பேசாமலே வயதாகிவிட்டார்கள். வெண்டலின் முற்றத்தில் ஹார்லன் கால் வைத்ததில்லை. நாடாவைப் பிடித்துக்கொண்டுகூட.

"பின் சக்கரம் அந்த முற்றத்துல ஏறினாத்தான் திரும்பும்," என்றார் ராய்ஸ். "கூண்டுங்க எல்லாம் நகரணும். அதுக்கு அவர் சரின்னு சொல்லணும். நான் போய்க் கேக்கட்டுமா?"

மின்கம்பி ஆட்களில் ஒருவர் துறைமுகத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். படகு இன்னும் வரவில்லை. வரத்தான் போகிறது.

"நான் கேக்குறேன்," என்றாள் லோர்னா.

"வேணாம்," என்றார் ஹார்லன். "அளக்காதது நான்."

ரோவினா அம்மாவின் பக்கம் சாய்ந்தாள். "கேப்பாராம்மா?"

"கதவு வரைக்கும் போவாரு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

வெண்டல் வீட்டுப் படிகள் அதிகமில்லை. ஆனால் ஹார்லனின் முட்டிக்கு அவை போதும். கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினார். தட்டுவதற்குக் கையைத் தூக்கும் முன்பே கதவு திறந்தது. வெண்டல் இவ்வளவு நேரமும் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்க வேண்டும்.

"என் வாசல்ல ஒரு வீடு நிக்குது," என்றார் வெண்டல்.

"என்னுதுதான்."

"பார்த்தேன். திரைச்சீலை நல்லா இருக்கு."

"லோர்னா தைச்சது. ஆல்டன் அம்மாவுக்காகத் தைச்சது, இப்ப எங்களுக்கே வந்துருச்சு."

இருவரும் வீட்டைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

"உன் கூண்டுகளை நகர்த்தணும், வெண்டல். அப்பத்தான் சக்கரம் திரும்பும்."

"முன்னாடியே அளக்கலையா?"

"இல்ல."

"ஏன்?"

"இறங்கணுமே," என்றார் ஹார்லன்.

வெண்டலின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பா என்று ஹார்லனுக்குத் தெரியவில்லை. வெண்டல் சுவர் ஆணியிலிருந்து கையுறைகளை எடுத்து மாட்டினார்.

"நீல நாடா கட்டின வரிசையைக் கடைசியில எடுங்க. அது ஆழத்துக்குப் போறது. ஒழுங்கு கலைஞ்சா சீசன் முடியற வரைக்கும் நான் உன் பேரைச் சொல்லித் திட்டிக்கிட்டே இருப்பேன்."

"இப்ப மட்டும் திட்டாமலா இருக்க?"

"இப்ப மனசுக்குள்ள."

அவ்வளவுதான் நடந்தது. படியில் இருவரும் சேர்ந்து இறங்குவதைப் பார்த்ததும் கூட்டம் தானாகவே வரிசையாகிவிட்டது. படகுப் பட்டறை ஆட்கள், தபால்காரி, ஆசிரியைகள், மார்ஜரி, கழியைக் கீழே வைத்துவிட்டு மின்கம்பி ஆட்கள், எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிக் கூண்டுகளைத் தேவாலயத்துப் புல்வெளிக்குக் கொண்டு போனார்கள். கூண்டுக்குள் வைக்கிற பழைய இரை மீனின் நாற்றம் தெரு முழுக்கப் பரவியது. திருமதி ஆல்டன் ஒரு கூண்டைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். வெள்ளைக் கால்சட்டையில் பாசி அப்பிக்கொண்டது.

"நன்றி சொல்லாதீங்க, மூச்சு வாங்கும்," என்றாள் தபால்காரி. அந்தம்மாவே சிரித்துவிட்டார்.

ஹார்லனும் வெண்டலும் ஒரே கூண்டின் இரு பக்கத்தையும் பிடித்திருந்தார்கள்.

"மைதானத்துல ஒரு மனைதானா?" என்றார் வெண்டல், எதிர்ப்பக்கம் பார்த்தபடி.

"ரெண்டு. எங்களுக்குப் பக்கத்துல ஒண்ணு சும்மாத்தான் கெடக்கு."

"யாருக்கு?"

"இன்னும் யாருக்கும் இல்ல. ஏன் கேக்குற?"

"சும்மாத்தான்."

கூண்டை இறக்கினார்கள். அடுத்ததை எடுக்கும்போது வெண்டல் சொன்னார்: "போன வாரம் என் மகன் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தான். வாங்குறவங்க. என் அடுக்களை ஜன்னல் வழியா கடலைப் பார்த்துட்டு 'ஆகா'ன்னாங்க. வீட்டை நான்தான் அவன் பேருக்கு எழுதிக் குடுத்தேன். இனி அவன் இஷ்டம்."

ஹார்லன் கூண்டின் விளிம்பை மாற்றிப் பிடித்தார். தன் அப்பாவின் வீட்டு ஜன்னலில் நின்றும் யாரோ இப்படித்தான் ஆகா என்றிருப்பார்கள். "அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடி," என்று மட்டும் சொன்னார். வெண்டல் தூக்கிப் பிடித்தார்.

*

சக்கரம் முற்றத்தில் ஏறியது. வீடு மெதுவாக உடம்பைத் திருப்பியது. கூரை விளிம்புக்கும் வெண்டலின் தூணுக்கும் நடுவே ஒரு கை போகிற இடைவெளி. வளைவைத் தாண்டியதும் பள்ளிப் பிள்ளைகள்தான் முதலில் கைதட்டினார்கள்.

படகு ஊதியபோது வீடு மைதானத்துக்குள் நுழைந்திருந்தது. மின்கம்பி ஆட்கள் கழிகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் வண்டியின் இருக்கையில் யாரோ இரண்டு புளூபெர்ரி அப்பங்களை வைத்திருந்தார்கள். லோர்னா அன்று விடியற்காலையில் சுட்டவை.

ரோவினா சற்றுத் தள்ளிப் போய் நின்று பாங்கருக்குப் பேசினாள். "ஆமாங்க. வேற யாருக்காவது குடுத்துடுங்க... இல்லங்க, அவங்களுக்கு வீடு கிடைச்சிருச்சு. கிடைச்சிருச்சுன்னா, வந்துருச்சு." திரும்பி வந்தவள் சொன்னபடி வாயே திறக்கவில்லை. அம்மாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள்.

வெயில் சாயும் நேரத்தில் எல்லோரும் போய்விட்டார்கள். வீடு கான்கிரீட் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. குழாயில் தண்ணீர் வர இன்னும் நாளாகும். லோர்னா ஒவ்வொரு அறையாகப் போனாள். படுக்கையறையில் கொஞ்சம் நின்றாள். எத்தனையோ சனிக்கிழமைகளில் அவசர அவசரமாக விரிப்பை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்திய அறை. இன்றைக்குக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. யாருக்கென்று இல்லாமல், மெதுவாக, அந்த அறையிடமே நன்றி என்றாள். தீவில் யாரும் கேட்கவில்லை.

வாசற்படியில் பொருள்கள் சேர்ந்திருந்தன. துணியால் மூடிய பீன்ஸ் பானை. வெல்லப்பாகு டோனட். ஒரு பாட்டில் ஜாம். எதிலும் பெயரில்லை. பானையைப் பார்த்தால் யாருடையது என்று தெரியாதா என்ன.

"அம்மா, இங்க வா," என்று ரோவினா வாசலிலிருந்து கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

கதவின் கைப்பிடியில் ஆரஞ்சுக் கயிறு. ஒரே ஒரு அரை முடிச்சு.

"இது அந்த முடிச்சுதானே? எச்சரிக்கை பண்றது?"

ஹார்லன் வந்து பார்த்தார். குனிந்து முகர்ந்தும் பார்த்தார். பிறகு சிரித்தார். முட்டி வலிக்க, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லோர்னா அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

"வெண்டல் முடிச்சேதான். இடது கைக்காரன் முடிச்சு."

"என்னப்பா அர்த்தம்?"

"என் பக்கத்துல வந்துட்ட, நான் பார்த்துட்டேன்னு அர்த்தம். வெட்டுறது அதுக்கப்புறம்தான்." கயிற்றை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சுவரோரம் சாய்ந்திருந்த கைத்தடியை ஊன்றியபடி வெளியே இறங்கினார்.

"எங்க போற? பீன்ஸ் ஆறிடும்," என்றாள் லோர்னா.

"இதோ வந்துட்டேன்."

அம்மாவும் மகளும் அடுக்களைக்கு வந்தார்கள். ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த காபியை லோர்னா இரண்டு கோப்பைகளில் ஊற்றினாள். இந்த வீட்டில் பெட்டியிலிருந்து வெளியே வந்த முதல் கோப்பைகள். ரோவினா தன் கோப்பையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, பக்கத்து மனையை யாருக்காவது குடுத்துட்டாங்களா?"

"இல்லன்னு நினைக்கிறேன். ஏன் கண்ணு?"

"பாங்கர் மேல ஆசைப்பட்டா நான் போனேன்? இங்க எனக்குன்னு ஒரு மூலை கிடைக்கல, அதான் போனேன்." அவள் கோப்பைக்குள் பார்த்துப் பேசினாள். "இன்னைக்கு அந்தக் கூண்டைத் தூக்கிட்டு நிக்கறப்ப நினைச்சேன், நான் எதுக்கு அங்க இருக்கேன்னு. நாளைக்கு மார்ஜரிகிட்ட கேட்டுப் பார்க்கட்டுமா? முதல்ல அப்பாகிட்ட சொல்லு. அவருக்குச் சந்தோஷமா இருக்கும்ல?"

லோர்னாவின் நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவும் ஒரே நாளில் கிடைக்குமா என்று நினைத்தபடி, ஹார்லனைக் கூப்பிடுவதற்காக ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

வெளியே, பக்கத்து மனையின் எல்லைக் குச்சியருகே, அவர் ஒரு முட்டியை மெல்ல மடித்துத் தரையில் ஊன்றிக்கொண்டிருந்தார். கையில் ஆரஞ்சுக் கயிறு. குச்சியைச் சுற்றி அதைக் கட்டினார். ஒரு அரை முடிச்சு. பிறகு அதன் மேல் இன்னொன்று போட்டு, இது எச்சரிக்கை இல்லை, ஒருவருக்காகப் பிடித்து வைத்த இடம் என்பதுபோல் இறுக்கினார். தெருவுக்கு அந்தப் பக்கம், துறைமுக வளைவில், தன் படியில் நின்று வெண்டல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லோர்னா மரக்கரண்டியை எடுத்தாள். ஜன்னலின் கீழ் மூலையில் வைத்து நெம்பினாள். இத்தனை வருடமும் அந்த இடத்தில் நெம்பினால் திறந்த ஜன்னல்தான். இன்று அசையவில்லை.